காட்டு ஓடையில் பூச்சிக் கணக்கு

தாமிரபரணி கெட்டுவிட்டது என்று திருநெல்வேலியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எவ்வளவு கெட்டிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. கெடாத தாமிரபரணி எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே, இன்றைய ஆறு அதிலிருந்து எவ்வளவு தூரம் விலகிவிட்டது என்று சொல்ல முடியும்?

அந்தக் கெடாத ஆறு இன்னும் ஓரிடத்தில் ஓடுகிறது. பாபநாசத்துக்கு மேலே, களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் உள்காட்டில். 1988இல் இரண்டு சரணாலயங்களைச் சேர்த்து உருவாக்கிய தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது. அதன் மையப்பகுதி மட்டும் சுமார் 895 சதுர கி.மீ. புலிக்காக ஒதுக்கிய காடு என்றாலும், தென்மாவட்ட மக்களுக்கு அது முதலில் தண்ணீர்க் காடு. தாமிரபரணி, சேர்வலாறு, மணிமுத்தாறு, பச்சையாறு, கடனாநதி, ராமநதி என்று ஆறுகளாகப் பிறக்கும் இடம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே அங்கே பெய்கின்றன.

அந்தக் காட்டு ஓடைகளில் என்னென்ன நீர்ப்பூச்சிகள், எத்தனை வகை, எங்கெங்கே இருக்கின்றன என்று முறையாகக் கணக்கெடுப்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. புலியை எண்ணுவது எல்லோருக்கும் தெரியும். பூச்சியை ஏன் எண்ண வேண்டும், எப்படி எண்ணுகிறார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது. என் பார்வையில் ஆற்றைப் புரிந்துகொள்ள இதைவிட நேரான வழி வேறில்லை.

யார் இந்த நீர்ப்பூச்சிகள்

வாழ்நாளில் ஒரு பகுதியையாவது தண்ணீருக்குள் கழிக்கும் பூச்சிகள் எல்லாம் நீர்ப்பூச்சிகள்தான். வயலுக்கு மேல் பறக்கும் தட்டானை நாம் வானத்துப் பூச்சி என்று நினைக்கிறோம். அதன் ஆயுளில் பெரும்பகுதி ஓடைக்கடியிலோ குளத்துச் சேற்றிலோ இளம்புழுவாகக் கழிகிறது. அங்கே அது கொடிய வேட்டைக்காரன். மடித்து வைத்திருக்கும் கீழுதட்டை நொடியில் நீட்டி இரையைப் பிடித்துவிடும். மீன்குஞ்சையும் விடாது.

உலகத்தில் நன்னீர் பரவியிருக்கும் பரப்பு, பூமியின் மேற்பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சிறிய இடத்துக்குள், இதுவரை பெயரிட்ட விலங்கினங்களில் பத்தில் ஒரு பங்கு அடங்கிவிடுகிறது. அதிலும் பாதிக்கு மேல் பூச்சிகள்தான்.

காட்டு ஓடையில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று கூட்டங்கள். களத்தில் இவற்றை ஆங்கிலப் பெயரிலேயே சொல்கிறார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். முதலாவது மேஃபிளை. இளம்பருவத்தில் வயிற்றின் இரு பக்கமும் இலைபோன்ற செவுள்கள் வரிசையாகத் துடித்துக்கொண்டிருக்கும். வால்முனையில் மூன்று மெல்லிய இழைகள் இருக்கும், சிலவற்றுக்கு இரண்டு. சிறகு முளைத்து வெளியே வந்தபின் அது சாப்பிடுவதே இல்லை. வாய்ப்பகுதி சுருங்கிப் போய்விடும். சில மணி நேரமோ ஓரிரு நாளோ பறந்து, இணைசேர்ந்து, முட்டையிட்டு முடிந்துவிடும்.

இரண்டாவது ஸ்டோன்ஃபிளை. எப்போதும் இரண்டே வாலிழைகள். காலின் நுனியில் இரண்டு நகங்கள். மேஃபிளைக்கு ஒரே நகம்தான். கைக்கண்ணாடி வழியாக இந்த நகத்தைப் பார்த்துப் பழகினாலே இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

மூன்றாவது கேடிஸ்ஃபிளை. எனக்கு மிகவும் பிடித்தது. இதன் இளம்புழு உதட்டிலிருந்து பட்டிழை விடும். அந்த இழையால் மணலையும் சிறு கல்லையும் ஒட்டிக் குழல் செய்து அதற்குள் வாழும் வகைகள் உண்டு. மேற்குத்தொடர்ச்சி மலை ஓடைகளில், உதிர்ந்த இலையிலிருந்து முட்டை வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டியெடுத்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைத்து, நடுவில் புகுந்துகொள்ளும் வகையும் இருக்கிறது. தண்ணீரில் கிடக்கும் சருகு தானாக நகர்ந்தால் அது இவர்தான். இன்னும் சில வகைகள் வீடு கட்டாமல் கற்களுக்கு நடுவே வலை பின்னி, ஓட்டத்தில் வருவதை வடிகட்டித் தின்கின்றன.

இந்த மூன்றையும் தாண்டி ஏராளம் இருக்கின்றன. பாறையோடு பாறையாக ஒட்டிக் கிடக்கும் வட்டத் தட்டு வடிவ வண்டுப் புழுக்கள், நீர்மேல் சறுக்கி ஓடும் நீள்கால் பூச்சிகள், கூட்டமாகச் சுழலும் கரு வண்டுகள், கருப்பு ஈயின் புழுக்கள். அருவி விழும் பாறையில், நிற்கவே முடியாத வேகத்தில், வயிற்றில் ஆறு உறிஞ்சு வட்டங்களை வைத்துக்கொண்டு ஒட்டியிருக்கும் ஓர் ஈயின் புழுவும் உண்டு. இந்தியாவின் வேகநீர் ஓடைகளில் வாழும் உயிர்களின் உடலமைப்பை ஆராய்ந்து சுந்தர் லால் ஹோரா 1930இலேயே எழுதினார். வேகத்துக்கு ஈடுகொடுக்க உடல் எப்படித் தட்டையாகிறது, எப்படி உறிஞ்சு உறுப்புகள் வருகின்றன என்பதையெல்லாம் அவர் அதில் விளக்கினார்.

தண்ணீரைச் சோதித்தால் போதாதா

பலரும் கேட்கும் கேள்வி இது. ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பினால் அமிலத்தன்மை, கரைந்த ஆக்சிஜன், உப்பு என்று எல்லாம் எண்ணாக வந்துவிடுமே?

வரும். அந்த எண்கள் பாட்டில் நிரம்பிய அந்தக் கணத்துத் தண்ணீருக்கு உரியவை. இரவில் கழிவைத் திறந்துவிட்டால் விடிவதற்குள் அது கீழே போய்விடும், காலையில் எடுத்த பாட்டிலில் ஒன்றும் தெரியாது. மேஃபிளைப் புழுவோ பல வாரங்களாக, சில வகைகள் பல மாதங்களாக, அந்தக் கல்லிலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் வந்துபோன எல்லாத் தண்ணீரையும் அது தாங்கியாக வேண்டும். தாங்க முடியாதவை செத்துப்போகும், அல்லது ஓட்டத்தோடு போய்விடும். யார் மிஞ்சியிருக்கிறார்கள், யார் இல்லை என்ற பட்டியல், கடந்த பல மாதங்களின் வரலாறு.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் தாங்கும் சக்தி வேறு. செவுளால் சுவாசிக்கும் மேஃபிளை, ஸ்டோன்ஃபிளைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆக்சிஜன் நிறைந்த தண்ணீர் வேண்டும். தண்ணீர் சூடாக ஆக ஆக்சிஜன் குறையும்: கடல்மட்டத்தில் 20 டிகிரி செல்சியஸ் தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் 7.5தான். கரையோர மரத்தை வெட்டி வெயில் விழவைத்தாலே ஓடைப்பூச்சிகள் மாறிப்போவதற்கு இது ஒரு காரணம். மறுபக்கம், சாக்கடை கலந்த சேற்றிலும் வாழும் சிவப்பு நிறப் புழுக்கள் இருக்கின்றன. கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத ஓர் ஈயின் இளம்பருவம் அது. அதன் உடலில் நம் ரத்தத்தில் இருப்பதைப் போன்ற ஹீமோகுளோபின் இருப்பதால் குறைந்த ஆக்சிஜனிலும் தாக்குப்பிடிக்கிறது.

இதைக் கேட்டவுடன் சிவப்புப் புழு இருந்தால் அழுக்கு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்த ஈயின் உறவினர்கள் தெளிந்த மலையோடையிலும் பல வகைகளாக இருக்கிறார்கள். அவர்கள் மட்டுமே மிஞ்சி மற்றவர்கள் காணாமல் போனால்தான் கவலைப்பட வேண்டும்.

1970களின் பிற்பகுதியில் பிரிட்டனில் இந்தத் தாங்குசக்தியை மதிப்பெண்ணாக்கினார்கள். ஒவ்வொரு பூச்சிக் குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். மாசை அறவே தாங்காத ஸ்டோன்ஃபிளைக் குடும்பங்களுக்கு 10, சிவப்புப் புழுவின் குடும்பத்துக்கு 2. கண்டெடுத்த குடும்பங்களின் மதிப்பெண்களைக் கூட்டி, குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆற்றின் நிலை ஒற்றை எண்ணில் வந்துவிடும். அழகான முறைதான். ஆனால் அதை அப்படியே தூக்கிவந்து பொதிகை ஓடையில் வைத்தால் சிக்கல். குளிர்நாட்டு ஆறுகளில் குவிந்திருக்கும் ஸ்டோன்ஃபிளைகள் தென்னிந்தியாவில் இயல்பாகவே மிகக் குறைவு. மாசே இல்லாத நம் ஓடையும் அவர்கள் கணக்கில் மதிப்பெண் இழக்கும். அதனால் நம் அளவுகோலை நாம்தான் செய்ய வேண்டும். அதைச் செய்யக் கைபடாத ஓடை வேண்டும். புலிகள் காப்பகத்துக்குள் போய்ப் பூச்சி எண்ணுவதற்கு என்னைப் பொறுத்தவரை இதுவே முதல் காரணம்.

எப்படி எடுக்கிறார்கள்

முதலில் அனுமதி. காப்பகத்துக்குள் ஓர் எறும்பை எடுப்பதற்கும் மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தேவை. வனத்துறைக் காவலர்களும் அந்தக் காட்டின் பழங்குடியினரான காணிக்காரர்களும் துணைவராமல் யாரும் ஓடைக்குள் இறங்குவதில்லை. யானைத்தடம் எங்கே குறுக்கிடும், மேலே மழை பெய்தால் எந்த ஓடை எவ்வளவு நேரத்தில் பெருகும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

காலம் முக்கியம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெள்ளம் தணிந்த ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல நேரம். பெருவெள்ளம் கற்களையே உருட்டிப் பூச்சிகளை அடித்துக்கொண்டு போய்விடும். வெள்ளம் போன மறுநாள் ஓடைக்குள் இறங்கினால் பூச்சியே இல்லாத ஓடை என்று தப்பாக எழுதிவிடுவோம்.

ஓடையில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஏறத்தாழ 100 மீட்டர் நீளத்தை அளந்துகொள்கிறார்கள். இங்கேதான் புதியவர்கள் கவனிக்க வேண்டியது இருக்கிறது. ஓடை ஒரே மாதிரியான இடம் இல்லை. கற்களுக்கு இடையே வெள்ளையாகப் பொங்கி ஓடும் இடம் ஒன்று, அசையாமல் நிற்கும் கசம் ஒன்று. பாறையிடுக்கில் சருகு அடைந்து கிடக்கும் மூலை, கரைமரத்தின் வேர்க்கற்றை தண்ணீரில் தொங்கும் இடம், பாறைமேல் விரல்கனத்துக்கு மட்டும் நீர் வழியும் சரிவு என்று ஒவ்வொன்றிலும் வேறு வேறு குடித்தனம். பொங்கி ஓடும் இடத்தில் தட்டை உடல்காரர்கள், சருகில் இலைவெட்டிகள், கசத்தில் தட்டான் புழுக்களும் நீந்தும் வண்டுகளும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ஓடையில் இத்தனை வகை என்று எழுதினால் பாதி ஓடையை விட்டுவிட்டோம் என்று பொருள்.

கருவி எளிமையானது. கம்பில் பொருத்திய வலை, கண்ணி அரை மில்லிமீட்டர். வலையை நீரோட்டத்துக்கு எதிர்முகமாகத் தரையில் ஊன்றிப் பிடித்து, அதற்கு முன்னே நின்று காலால் கற்களைக் கிளற வேண்டும். கிளம்பும் பூச்சிகளை நீரோட்டமே வலைக்குள் கொண்டுவந்து சேர்க்கும். எத்தனை நிமிடம் கிளறுவது என்று முன்பே முடிவுசெய்து எல்லா இடத்திலும் அதே அளவு கிளற வேண்டும். ஓரிடத்தில் மூன்று நிமிடமும் இன்னோரிடத்தில் பத்து நிமிடமும் கிளறினால் ஒப்பிடவே முடியாது. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஓர் அடிக்கு ஓர் அடி சட்டம் வைத்த வலை இருக்கிறது. சட்டத்துக்குள் அகப்பட்ட தரையை மட்டும் கையால் தேய்த்துக் கழுவுவார்கள். 1930களில் அதை உருவாக்கிய யூஜின் சர்பரின் பெயரிலேயே அது இன்றும் வழங்குகிறது. கீழிருந்து மேலாக நடந்தபடி எடுக்க வேண்டும், மேலிருந்து தொடங்கினால் நம் கால் கலக்கிய சேறு அடுத்த இடத்தைக் கெடுத்துவிடும். கல்லைத் தூக்கினால் எடுத்த இடத்தில், எடுத்த பக்கமாகவே திரும்ப வைக்க வேண்டும். அடிப்பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதுதான் வீடு.

வலையில் வந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டினால் முதலில் மணலும் சருகும்தான் தெரியும். ஒரு நிமிடம் பொறுத்தால் தட்டே அசைய ஆரம்பிக்கும். தேவையானவற்றைச் சாமணத்தால் எடுத்துச் சாராயக் குப்பியில் போட்டு, மீதியை அங்கேயே ஓடையில் விட்டுவிடுவார்கள். இடம், தேதி, எடுத்தவர் பெயர், எந்த வகை இடம் என்பதைப் பென்சிலால் எழுதிய காகிதச் சீட்டு குப்பிக்கு உள்ளேயே போக வேண்டும். பேனா மை சாராயத்தில் கரைந்துபோகும். சீட்டு இல்லாத பூச்சிக்கு, எவ்வளவு அரியதாக இருந்தாலும், ஆய்வில் மதிப்பில்லை.

இளம்புழுக்களை மட்டும் எடுத்தால் போதாது என்பதும் இத்துறையின் பெரிய தலைவலி. பூச்சியினங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சிறகு முளைத்த ஆண்பூச்சியைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்குள் இருக்கும் புழு எந்த இனத்தின் குழந்தை என்று பல சமயம் சொல்ல முடியாது. அதனால் இரவில் ஓடைக்கரையில் வெள்ளைத்துணி கட்டி விளக்கு வைத்துப் பறக்கும் பூச்சிகளையும் பிடிக்கிறார்கள். நிலா வெளிச்சம் மிகுந்த இரவில் விளக்குக்கு வருவது குறையும், எனவே தேய்பிறை நாட்களே தோது. கூடாரம்போல் கட்டும் வலைப்பொறியும் உண்டு. சுவீடன் பூச்சியியலாளர் ரெனே மலேஸ் 1930களில் உருவாக்கியது. இப்போது புழுவின் மரபணுத் துண்டு ஒன்றை வாசித்து, சிறகுள்ள பூச்சியின் அதே துண்டோடு பொருத்திப் பார்த்து இது அதன் பிள்ளை என்று உறுதிசெய்ய முடிகிறது.

இந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் வேர் இருக்கிறது. மதுரைக் கல்லூரியில் பணியாற்றிய கே.ஜி. சிவராமகிருஷ்ணன் பல ஆண்டுகள் மேஃபிளைகளை ஆராய்ந்தார். 1984இல் அவர் விவரித்த மேஃபிளை ஒன்று குற்றாலத்தின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கியிருக்கிறது. குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிற நம்மில் எத்தனை பேருக்கு, அந்த ஊரின் பெயரோடு ஒரு பூச்சி இருப்பது தெரியும்?

எண்ணிய பிறகு

ஓர் ஓடையில் 40 இனங்கள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். ஓடையில் இருப்பதே 40தானா? நிச்சயமாக இல்லை. இன்னும் எத்தனை கண்ணில் படாமல் இருக்கின்றன என்று ஊகிக்க ஓர் அருமையான வழி இருக்கிறது. ஒரே ஒரு பூச்சி மட்டும் கிடைத்த இனங்கள் எத்தனை, இரண்டே பூச்சி கிடைத்த இனங்கள் எத்தனை என்று பாருங்கள். ஒற்றையாய் அகப்பட்டவை நிறைய இருந்தால், தப்பித்தவையும் நிறைய இருக்கும். தைவான் புள்ளியியலாளர் ஆன் சாவ் 1984இல் இதற்குக் கணக்கே கொடுத்தார்: ஒற்றை இனங்களின் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கி, இரட்டை இனங்களின் இருமடங்கால் வகுத்து, கிடைத்ததோடு கூட்ட வேண்டும். நம் 40இல் ஒற்றை 12, இரட்டை 6 என்றால், 144ஐ 12ஆல் வகுக்க 12 வருகிறது. ஆக, அந்த ஓடையில் குறைந்தது 52 இனங்கள் இருக்கலாம். கண்ணில் படாததைக் கண்ணில் பட்டதன் அரிதிலிருந்தே கணிக்கும் இந்த வழியை எப்போது நினைத்தாலும் எனக்கு வியப்புத்தான்.

ஓடைகளை ஒப்பிடும்போது இன்னொரு எச்சரிக்கை. ஒன்றில் 600 பூச்சிகளும் இன்னொன்றில் 200 பூச்சிகளும் எடுத்திருந்தால் முதலாவதில் இனங்கள் கூடுதலாகத் தெரிவது இயல்பு. 600இலிருந்து 200ஐக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் எத்தனை இனங்கள் வரும் என்று கணக்கிட்டு, பிறகுதான் ஒப்பிடுவார்கள்.

எண்ணிக்கையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோகவும் இடமுண்டு. காப்பகத்துக்குள்ளேயே காரையாறு, சேர்வலாறு அணைகள் இருக்கின்றன. நீர்த்தேக்கத்தின் நுண்ணுயிர்கள் வெளிவரும் தண்ணீரில் மிதந்து வருவதால், அணைகளுக்குக் கீழே, வலைபின்னும் கேடிஸ்ஃபிளையும் கருப்பு ஈயின் புழுக்களும் வடிகட்டித் தின்று பெருகுவது உலகெங்கும் கண்டறிந்த ஒன்று. கல் முழுக்கப் பூச்சியாக மொய்க்கும், வகை மட்டும் நாலைந்துதான் இருக்கும். தொகை பெருகி வகை குறைவது ஓடைக்கு நல்ல செய்தி இல்லை.

காப்பகம் என்ற பெயர்ப்பலகைக்கு உள்ளே எல்லா ஓடையும் கைபடாதது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. மாஞ்சோலை, காக்காச்சிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் ஓடைகளில் நிழல் வேறு, வண்டல் வேறு. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குப் பெருங்கூட்டம் வந்து ஆற்றங்கரையில் தங்கிக் குளிக்கிறது. அந்த மக்களின் பக்தியை நான் குறைசொல்லவில்லை; தலைமுறை தலைமுறையாக அந்த ஆற்றோடு உறவுள்ளவர்கள். ஆனால் சோப்பும் எண்ணெயும் எஞ்சிய சோறும் ஆற்றை என்ன செய்கின்றன என்று தெரிய வேண்டுமானால் கோயிலுக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம், திருவிழாவுக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை, சில மாதங்கள் கழித்து இன்னொருமுறை என்று பூச்சிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். மேலேயும் கீழேயும் ஒப்பிட்டால் பாதிப்பு தெரியும். கடைசி எண்ணிக்கையில் ஆறு மீண்டதா என்பது தெரியும். மேலே காடு நன்றாக இருந்தால் பூச்சிகள் ஓட்டத்தில் மிதந்து இறங்கியும், பறந்து வந்து முட்டையிட்டும் கீழ்ப்பகுதியை மறுபடி நிரப்பிவிடும். மேலேயும் கெட்டுவிட்டால் நிரப்ப ஆளில்லை. காட்டு ஓடை அளவுகோல் மட்டுமல்ல, கீழே உள்ள ஆற்றுக்கு விதைக்களஞ்சியமும் அதுதான்.

நீங்கள் தொடங்க வேண்டுமென்றால்

காப்பகத்துக்குள் நீங்களாகப் போய்ப் பூச்சி பிடிக்க முடியாது, கூடாது. உங்கள் ஊர் வாய்க்காலில் யாருக்கும் தடையில்லை. ஓட்டம் அதிகமில்லாத, முழங்காலளவு தண்ணீரில், துணைக்கு ஒருவரோடு இறங்குங்கள். ஒரு வெள்ளைத் தட்டு, சமையலறைச் சல்லடை, பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி போதும். முதலில் வாலிழையை எண்ணிப் பழகுங்கள். மூன்று இழையும் வயிற்றுப் பக்கச் செவுளும் இருந்தால் மேஃபிளை. வால்முனையில் மூன்று இலைபோல் அகன்ற தகடுகள் இருந்தால் ஊசித்தட்டானின் குஞ்சு. புழு ஒரு மணல்குழலுக்குள் இருந்தால் கேடிஸ்ஃபிளை. படமெடுத்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுங்கள். இடமும் தேதியும் சேர்த்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்ல உதவுவார்கள்.

பிறகு அதே இடத்தில், அதே தட்டோடு, அதே அளவு நேரம், மாதம் ஒருமுறை பாருங்கள். ஒருநாள் பார்த்த பட்டியலைவிட ஓராண்டு பார்த்த பட்டியல் பலமடங்கு பேசும். மழைக்குப் பின் யார் முதலில் திரும்பி வருகிறார்கள், வயலுக்கு மருந்தடித்த வாரம் யார் காணாமல் போகிறார்கள், வாய்க்கால் அடைத்த கோடையில் கசத்தில் யார் ஒதுங்கியிருக்கிறார்கள் என்று தேதிபோட்டு எழுதிவையுங்கள். பாபநாசத்துக்குக் கீழே ஆற்றோரமாக இப்படி எழுதிவைத்த நோட்டுகள் பத்து இருந்தாலும், மேலே காட்டுக்குள் எடுத்த கணக்கோடு வைத்துப் பார்க்க நமக்குக் கீழ்ப்பக்கக் கணக்கு ஒன்று கிடைத்துவிடும்.